பதினான்கு சீட்டுக்கு முன்னால்

ஒனுஃப்ரி பலாமரின் வீட்டுக்கு யார் போனாலும், மேல்கோட்டைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே சமையலறைச் சுவரருகே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடுவார். அங்கே புனித நிக்கோலாவின் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால், மின்கம்பியில் ஓடும் டிராலி பஸ்ஸின் பயணச் சீட்டு ஒன்று இருக்கும். மங்கிப்போன சாம்பல் காகிதம். எண் 999997.

"நல்லாப் பாருங்க," என்பார். "ஆறு இலக்கத்துல இதுக்கு மேல அடங்காத எண் கிடையாது. எதால வகுத்தாலும் மிச்சம் வரும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரல. பள்ளிக்கூடத்துல நான் உட்கார்ந்தது மொத்தமே நாலு குளிர்காலம்."

வந்தவர் தலையாட்டுவார். அடுப்படியில் நிற்கும் அவர் மனைவி வசிலினா, "அவரைக் கோட்டைக் கழட்ட விடேன்," என்பாள். முப்பது வருஷமாக இது இப்படித்தான் நடந்துவந்தது.

1989 மே மாதம் எங்கள் செர்னிவ்ட்சி ஊரின் டிராலி பஸ் டிப்போவுக்கு ஐம்பது வயது. பழைய சாமான்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. முதல் வண்டியின் மணி, போருக்கு முந்தைய தொப்பி ஒன்று, தேய்ந்த ஸ்டியரிங் ஒன்று. அந்த வரிசையில் ஒனுஃப்ரியின் சீட்டும். டிப்போவின் கலாச்சார அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்தெஃபானியா நேரில் வந்து கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் படவில்லை. ரொட்டிக் கடை வரிசையில் முன்னால் நின்றவரிடம்கூட, "செவ்வாய்க்கிழமை பத்து மணி, மறந்துடாதீங்க," என்றார். முன்னால் நின்றவர் வெளியூர்க்காரர்.

பெருமைப்பட அவருக்கு உரிமை உண்டு. அதை யாரும் தட்டில் வைத்து அவருக்குக் கொடுக்கவில்லை. விறகுவெட்டி வீட்டில் பிறந்து, எழுதப் படிக்க அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, போர் முடிந்த கையோடு ராணுவத்துக்குப் போனவர். அங்கே அவர் கம்பெனியில் நூற்றுப் பதின்மூன்று பேர். சார்ஜென்ட் நாலு நாலாக நிற்கச் சொன்னார்; ஒருவன் மிச்சம். ஏழு ஏழாக நிற்கச் சொன்னார்; ஒருவன் மிச்சம். எட்டு எட்டாக, அப்போதும் ஒருவன். உயரத்தில் கடைசி என்பதால் அந்த ஒருவன் ஒவ்வொரு தடவையும் ஒனுஃப்ரிதான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, அவர் வெயிலில் தனியாக நின்று யோசித்தார். கோளாறு என்னிடமா, இந்த நூற்றுப் பதின்மூன்றிடமா?

அடுத்த ஓய்வு நாளில் நூற்றுப் பதின்மூன்று தீக்குச்சிகளை எடுத்து அடுக்கிப் பார்த்தார். எத்தனை வரிசையாகப் போட்டாலும் ஒன்றாவது பிதுங்கியது. கோளாறு தன்னிடம் இல்லை என்று தெரிந்துகொண்டதில் அவருக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சம் அல்ல. புத்தகத்தில் இதற்குப் பகா எண் என்று பேர் இருப்பது ரொம்பப் பின்னால்தான் காதில் விழுந்தது. அதற்குள் அவரே ஒரு பேர் வைத்துவிட்டார்: அடங்காத எண். பிறகும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

1953-ல் டிராலி பஸ் கண்டக்டர் வேலை கிடைத்தது. எங்கள் ஊரில் சீட்டு கைக்கு வந்ததும் எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள். ஆறு இலக்கத்தில் முதல் மூன்றைக் கூட்டுவார்கள், கடைசி மூன்றைக் கூட்டுவார்கள். இரண்டும் சமமாக வந்தால் அது அதிர்ஷ்டச் சீட்டு. கிழியாமல், ஓட்டை விழாமல் முழுசாக இருக்கும்போதே வாயில் போட்டு மென்று விழுங்கிவிட வேண்டும். பேராசிரியரும் தின்பார், முட்டைக்காரியும் தின்பாள். ஒனுஃப்ரிக்கு இதெல்லாம் பார்த்தால் எரிச்சலாக வரும்.

"கூட்டுறது கைக்குழந்தை வேலை," என்பார் பயணிகளிடம். "ஆம்பளையா இருந்தா வகுத்துப் பாருங்க."

"வகுத்தா என்ன கிடைக்கும் கண்டக்டர்?"

"மிச்சம் கிடைக்கும்."

இப்படிப் பேசிப் பேசியே அவருக்கு ஓர் ஆசை வந்தது. சீட்டில் ஆறு இலக்கம். 999999-க்கு மேல் சீட்டே கிடையாது. அப்படியானால் சீட்டிலேயே பெரிய அடங்காத எண் எது? அதைக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்துத் தன் கையால் கிழித்துத் தானே வைத்துக்கொள்வது.

சும்மா உட்கார்ந்து எல்லா எண்ணாலும் வகுத்துக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. சில மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அவரே ஒரு வழி கண்டார். ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம். ஆகவே ஆறு இலக்க எண் ஒன்று இரண்டு எண்ணின் பெருக்கலாகப் பிரிந்தால், இரண்டுமே ஆயிரத்துக்கு மேலே இருக்க வழியில்லை. ஒன்றாவது கீழே இருந்தே ஆக வேண்டும். அதிலும் நாலால், ஆறால், ஒன்பதால் வகுப்பது வீண். இரண்டும் மூன்றும் தோற்ற இடத்தில் அவை ஜெயிக்கப் போவதில்லை. ஆயிரத்துக்குள் இருக்கும் அடங்காத எண்களால் மட்டும் வகுத்தால் போதும். அந்தப் பட்டியல் மட்டும் கையில் இருந்தால் எந்தச் சீட்டையும் விசாரித்துவிடலாம்.

பட்டியலை அவர் தயாரித்த விதம் வேறு எவனுக்கும் தோன்றாது. ஈரம் பட்டுக் கழித்துவிட்ட சீட்டுச் சுருள் ஒன்று டிப்போ ஸ்டோரில் கிடந்தது. 199000 முதல் 199999 வரை, விடாமல் ஆயிரம் சீட்டு. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் மூன்று இலக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால், கடைசி மூன்றில் ஆயிரத்துக்குள் உள்ள எல்லா எண்ணும் வரிசையாக இருக்கிறதல்லவா? ரயில்வேக்காரன் ஒருவனிடம் டிக்கெட் துளைக்கும் பஞ்ச் வாங்கிவந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து துளைக்க ஆரம்பித்தார். இரண்டை விட்டுவிட்டு அதன் மடங்கு எல்லாவற்றிலும் ஒரு துளை. மூன்றை விட்டுவிட்டு அதன் மடங்கு எல்லாவற்றிலும். பிறகு ஐந்து, ஏழு, பதினொன்று. முப்பத்தொன்றின் மடங்கோடு வேலை முடிந்தது. ஒன்றைத் தள்ளிவிட்டால், கடைசியில் துளை விழாமல் தப்பித்து நின்றவைதான் அடங்காதவை. சமையலறைத் தரை முழுக்கப் பொடி வட்டமாகக் காகிதம். வசிலினா பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போனாள். அவளும் அதே டிப்போவில் வண்டி கழுவிக்கொண்டிருந்தவள். அந்த வாரம் டிரைவர் தேர்வுக்குப் போக வேண்டியிருந்ததால் வீட்டில் ஒரே பரபரப்பு.

"எனக்குப் பரீட்சை, நீ பேப்பரைத் தூவிக்கிட்டிருக்க," என்றாள்.

"இதும் பரீட்சைதான். எனக்கு நானே வச்சுக்கிட்டது."

துளைத்து முடித்து மூன்று நாள் கழித்து, ஓய்வாக, துளை விழாத எண்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டார். நூற்று அறுபத்தேழு எண்கள். சுருளைத் தகர டப்பாவில் போட்டு மூடினார். "என் நூத்தி அறுபத்தேழு காவல்காரங்க," என்பார் அவற்றை. "இவங்களைத் தாண்டி எந்த எண்ணும் பொய் சொல்லிட்டுப் போக முடியாது."

வசிலினாவும் தேர்வில் தேறி டிரைவரானாள். அதே வண்டியில் முன்னால் அவள், பின்னால் இவர்.

பிறகு மேலிருந்து இறங்கிவந்தார். 999999 மூன்றில் மாட்டியது. 999998 இரட்டை. 999997-ஐக் காவல்காரர்கள் முன் நிறுத்தினார். ஏழு, பதிமூன்று, பதினேழு என்று ஒவ்வொன்றாக வகுத்து, மிச்சத்தை நோட்டில் அந்தந்த எண்ணுக்கு எதிரே எழுதினார். வண்டி கடைசி நிறுத்தத்தில் நிற்கும் பத்து நிமிஷம்தான் நேரம். இரண்டு மாதம் ஆயிற்று. நூற்று அறுபத்தேழு வரியிலும் ஏதோ ஒரு மிச்சம். அது அடங்காத எண். அதற்குக் கீழே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இனி அந்தச் சீட்டு வர வேண்டும். 999-ல் தொடங்கும் சுருள் டிப்போவுக்கு வர 1959 ஆகிவிட்டது. அதை மற்ற கண்டக்டர்கள் கையால்கூடத் தொடவில்லை. ஏனென்றால் முதல் மூன்று ஒன்பதைக் கூட்டினால் இருபத்தேழு. கடைசி மூன்றிலும் இருபத்தேழு வர 999 ஒன்றுதான் வழி. ஆயிரம் சீட்டில் ஒரே ஓர் அதிர்ஷ்டச் சீட்டு, அதுவும் கடைசியில். பயணிகளின் முணுமுணுப்பை எவன் கேட்பது? ஒனுஃப்ரி கேட்டார். இரண்டு நாள் பூராவும் திட்டு வாங்கிக்கொண்டே விற்று, சந்தை நிறுத்தத்தில் கூட்டம் ஏறியபோது 999997-க்கு வந்து சேர்ந்தார். தன் பையிலிருந்து காசை எடுத்துப் போட்டு, தனக்குத் தானே சீட்டுக் கொடுத்துக்கொண்டார்.

இப்போது 1989-க்கு வருவோம். விழாவுக்கு முந்தைய வியாழக்கிழமை மத்தியானம் ஸ்தெஃபானியா மறுபடி வந்தாள். சட்டத்தின் கீழே வைக்கப்போகும் அட்டையை அழகான எழுத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தாள்: 'ஆறு இலக்கத்தின் மிகப் பெரிய பகா எண். கண்டறிந்தவர் கண்டக்டர் ஒ. பலாமர்.'

ஒனுஃப்ரி அட்டையைத் தூரத்தில் பிடித்துப் படித்தார், பக்கத்தில் வைத்துப் படித்தார். "நூத்தி அறுபத்தேழு காவல்காரங்களைப் பத்தி ஒரு வரி சேர்த்தா நல்லாருக்கும்மா."

ஸ்தெஃபானியா கைப்பையின் பூட்டைத் திருகினாள். "அதைத்தான் மாமா கேட்க வந்தேன். எங்க வீட்டுக்காரர் டெக்னிக்கல் ஸ்கூல்ல கணக்கு எடுக்கிறார்ல. நேத்துச் சாப்பிடும்போது உங்களைப் பத்திச் சொன்னேன். ஆயிரத்துக்குள்ள நூத்தி அறுபத்தெட்டு இல்ல இருக்குன்னார்."

"நூத்தி அறுபத்தேழு."

"புத்தகத்துல நூத்தி அறுபத்தெட்டுன்னு போட்டிருக்காம்."

"புத்தகத்தை எவன் எண்ணினான்? நான் கையால எண்ணினேன்."

"கோவிச்சுக்காதீங்க மாமா. நாளைக்கு வேணா அந்தப் புத்தகத்தையே எடுத்துட்டு வரேன். எது விட்டுப்போச்சுன்னு ஒரு நிமிஷத்துல பார்த்துடலாம்."

ஒனுஃப்ரி அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "வேண்டாம். தொலைஞ்சிருந்தா என் வீட்டுலதான் தொலைஞ்சிருக்கும். நானே தேடிக்கிறேன்."

அவள் போனதும் நோட்டை எடுத்தார். மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் நூற்று அறுபத்தேழு. கணக்கு வாத்தியாரை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டினார். ஆனால் உட்காரப் பிடிக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த தகர டப்பாவை இறக்கினார்.

சுருளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கைக்குக் கை மாற்றிக்கொண்டே வந்தார். துளை, துளை, முழுசு, துளை. முழுசாக நின்ற ஒவ்வொன்றும் நோட்டில் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. நூறு போயிற்று, ஐந்நூறு போயிற்று. எழுநூறைத் தாண்டும்போது மனசு லேசாகத்தான் இருந்தது. எழுநூற்று ஐம்பத்தாறில் விரலுக்கு ஏதோ தடித்துத் தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் செய்தித்தாள் துண்டு ஒன்று, மாவுப் பசையால் ஒட்டியிருந்தது. பசை மஞ்சளித்துப்போயிருந்தது. முன்பக்கம் 199756. அதை ஒட்டி அடுத்த சீட்டு 199758.

நடுவில் ஒரு சீட்டைக் காணோம்.

ஒனுஃப்ரி ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். நோட்டில் அந்த இடத்தைப் பார்த்தார். 751, அதன் எதிரே மிச்சம் 416. அடுத்த வரி 761, மிச்சம் 43. நடுவில் இடமே இல்லை. அவ்வளவு நெருக்கமாக எழுதியிருந்தார். பென்சிலை எடுத்து, 757-ஐ எதாலாவது வகுக்க முடியுமா என்று முதலில் பார்த்தார். ஏழில் ஒன்று மிச்சம், பதினொன்றில் ஒன்பது. முடியவில்லை. அதுவும் அடங்காத எண்தான். நூற்று அறுபத்தெட்டாவது காவல்காரன்.

பிறகு, செய்யக் கை வராவிட்டாலும், செய்தார். 999997-ஐ 757-ஆல் வகுத்தார். 999-ல் ஒரு தடவை, மீதி 242. 2429-ல் மூன்று தடவை, மீதி 158. 1589-ல் இரண்டு தடவை, மீதி 75. கடைசி ஏழை இறக்கினார். 757. அந்த எண்ணே வந்து எதிரில் நின்றது. ஒரு தடவை. மீதி ஒன்றுமில்லை.

757-ஐ 1321-ஆல் பெருக்கினால் 999997. முப்பது வருஷமாகச் சுவரில் புனித நிக்கோலாவுக்குப் பக்கத்தில் தொங்கியது சாதாரணமாக இரண்டாகப் பிரிகிற எண்.

வசிலினா வெங்காயத்தாள் கட்டோடு உள்ளே வந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். சுருளில் ஒட்டுப் போட்ட இடம் மேசைமேல் மல்லாந்து கிடந்தது.

"இதை யார் ஒட்டினது?"

அவள் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிப் பார்த்தாள். "அட, இன்னும் பிரியாம இருக்கே. நான்தான். பரீட்சைக்குப் போன அன்னைக்குக் காலையில ஒண்ணைத் தின்னுட்டுப் போனேன்."

"தின்னியா?"

"அதிர்ஷ்டச் சீட்டு தின்னாம எவ பரீட்சைக்குப் போவா? நீ அத்தனையையும் ஓட்டை போட்டு வச்சிருந்த. ஓட்டை விழாததுல கூட்டிப் பார்த்தா பத்துப் பன்னெண்டு இருந்துச்சு. இதுதான் அழகா இருந்துச்சு, கடைசி மூணை முன்னாலேருந்து படிச்சாலும் பின்னாலேருந்து படிச்சாலும் ஒண்ணு. போறதும் வர்றதும் ஒரே ரூட்டு, நம்ம வண்டி மாதிரின்னு எடுத்துக்கிட்டேன். நீ கத்துவியேன்னு ஒட்டி வச்சேன்." அவர் முகத்தைப் பார்த்து, "என்ன, பெரிய தப்பா?" என்றாள்.

அவர் நோட்டை அவள் பக்கம் தள்ளினார். வகுத்ததைப் படித்தாள். இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியவள். கடைசி வரியில் மீதி இல்லாததைப் புரிந்துகொள்ள அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. வெங்காயத்தாளைத் தொட்டியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அதைத் தின்னதாலதான் தேறினேன்," என்றாள் மெதுவாக. "தேறினதாலதான் உன்னைப் பின்னால ஏத்திக்கிட்டு எட்டு வருஷம் ஓட்டினேன். அதை நான் திருப்பித் துப்ப முடியாது ஒனுஃப்ரி."

"உன்னை யார் துப்பச் சொன்னா."

"செவ்வாய்க்கிழமைக்கு என்ன பண்ணப் போற?"

அவர் சுருளைச் சுற்றி டப்பாவில் போட்டு மூடினார். அன்று சோளமாவுக் களியும் ஆட்டுப்பால் கட்டியும் தட்டில் இருந்தபடியே ஆறின.

வெள்ளிக்கிழமை வசிலினாவே ஒரு யோசனை சொன்னாள். "சட்டம் கீழே விழுந்து கண்ணாடி உடைஞ்சு சீட்டு கிழிஞ்சுபோச்சுன்னு சொல்லிடேன். உன் தொப்பியைக் கொடு, அதை வைக்கட்டும்." அவர் சட்டத்தைச் சுவரிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். சொன்னால் எவனும் சந்தேகப்பட மாட்டான். ஏன், எதுவும் சொல்லாமல் அப்படியே கொடுத்தாலும் ஒருத்தனுக்கும் தெரியாது. ஸ்தெஃபானியாவின் புருஷனுக்கு எண்ணிக்கைதான் தெரியும். விட்டுப்போனது எது, அது என்ன பண்ணியது என்று அவன் எதற்கு வகுத்துப் பார்க்கப் போகிறான்? முப்பது வருஷம் நின்ற பேர் இன்னும் முப்பது வருஷம் நிற்கும். சட்டத்தை மறுபடி மாட்டினார். ஆணியில் அது கோணலாகத் தொங்கியது. நேராக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் நோட்டோடு மேசைக்கு வந்தார். "இது இல்லேன்னா எது? அது தெரியாம நான் எங்கேயும் போக முடியாது," என்றார். "நீ தின்னதுக்குத் தண்டனை, உட்கார்ந்து மிச்சத்தை எழுது."

இரண்டு பேருமாக 999997-லிருந்து கீழே இறங்கினார்கள். 999995 ஐந்தில் விழுந்தது. 999993 மூன்றில். 999991 கொஞ்சம் முரண்டு பிடித்துப் பதினேழில் விழுந்தது. 999989 பத்தொன்பதில். 999987 மூன்று. 999985 ஐந்து. அடுத்தது 999983. மூன்றில் இரண்டு மிச்சம், ஏழில் ஐந்து மிச்சம். பதினேழு, பத்தொன்பது, இருபத்து மூன்று, எல்லாவற்றிலும் மிச்சம். சனிக்கிழமை முழுக்க அது விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை வசிலினா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, முக்காட்டைக்கூட அவிழ்க்காமல் பென்சிலை எடுத்தாள்.

"எழுநூத்தி ஐம்பத்தேழு," என்றார் ஒனுஃப்ரி. அந்த ஒன்றை மட்டும் இரண்டு தடவை செய்தார். "மிச்சம் எழுநூத்தி நாப்பத்து மூணு."

"நான் தின்னது இதை ஒண்ணும் பண்ணல."

"பண்ணல."

சாயந்திரம் 997-ல் மிச்சம் 989 என்று எழுதி முடித்தார்கள். நூற்று அறுபத்தெட்டு வரி, நூற்று அறுபத்தெட்டு மிச்சம். உண்மையான கடைசி அடங்காத எண் 999983.

பென்சிலை வைத்துவிட்டு ஒனுஃப்ரி விரல்விட்டுக் கூட்டினார். பதினான்கு. தான் வாங்கிய சீட்டுக்குச் சரியாகப் பதினான்கு சீட்டு முன்னால். அதே நாள், அதே சுருள், சந்தை நிறுத்தம். 999997-க்கு வந்து சேரும் அவசரத்தில், "நகருங்க, நகருங்க" என்று சீட்டைக் கிழித்துக் கிழித்துக் கைகளில் திணித்தது நினைவுக்கு வந்தது. கூடைக்காரி ஒருத்தி, சேவலைக் கக்கத்தில் இடுக்கியவன் ஒருவன், இரண்டு நர்சுகள். சேவல்காரன் படியிலேயே நின்று கூட்டிப் பார்த்து, "இருபத்தேழும் இருபதும், தூ," என்று ஜன்னலுக்கு வெளியே விட்டெறிந்தான். ஒன்பதும் எட்டும் மூன்றும் இருபதுதான். ஆனால் கடைசி மூன்றில் 992 வந்தாலும் இருபதுதான். எது என்று இனி யாருக்குத் தெரியும்?

"என் கையாலயே கொடுத்தேன்," என்றார்.

வசிலினா முக்காட்டை அவிழ்த்து மடித்தாள். "அந்தச் சேவல்காரன் ஏறினப்ப நான் கதவை மூடாம காத்திருந்தேன். மூடியிருக்கலாம்."

செவ்வாய்க்கிழமை ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, சட்டத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். கூடவே நோட்டையும் எடுத்துக்கொண்டதை வசிலினா பார்த்தாள். அவளும் கூடவே கிளம்பினாள்.

கலாச்சார அறையில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். இயக்குநர் பேசி முடித்து எல்லோரும் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் நகர்ந்தார்கள். மின் பிட்டர் கொர்னேலி, முப்பது வருஷமாக 999997-ஐக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன், முன்னால் வந்து இடம் பிடித்துக்கொண்டான். "வந்துட்டார்யா ஆறு இலக்கத்து ராஜா," என்றான். "இன்னைக்காவது சுருக்கமாச் சொல்லு, பசிக்குது."

ஒனுஃப்ரி சட்டத்தைப் பெட்டிக்குள் வைத்தார். ஸ்தெஃபானியா கொண்டுவந்த அட்டையை வாங்கித் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, நின்றபடியே, பெரிய எழுத்தில் எழுதினார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எழுதி முடித்து, எல்லோர் பக்கமும் திருப்பி வைத்தார்.

'999997. பகா எண் அல்ல. 757-ஐ 1321-ஆல் பெருக்கினால் வருவது. உண்மையான பகா எண் 999983, இதற்குப் பதினான்கு சீட்டுக்கு முன்னால் விற்றுப்போனது. இரண்டையும் கண்டறிந்தவர் கண்டக்டர் ஒ. பலாமர்.'

கொர்னேலி இரண்டு தடவை படித்தான்.

"அப்ப முப்பது வருஷமா எங்க காதுல பூ சுத்தியிருக்க."

"முதல்ல என் காதுல சுத்தினது. மிச்சம்தான் உங்களுக்கு."

"யார் கண்டுபிடிச்சா? ஸ்தெஃபானியா வீட்டு வாத்தியாரா?"

"எண்ணிக்கை தப்புன்னு அவர் சொன்னார். எது தப்புன்னு நான் கண்டுபிடிச்சேன்." ஒனுஃப்ரியின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. "மூணுலயும் ஏழுலயும் மாட்டுற எண்ணை எவன் வேணா பிடிப்பான் கொர்னேலி. இது நூத்தி முப்பத்து மூணு காவல்காரங்களைத் தாண்டி வந்து, அதுக்கப்புறம்தான் மாட்டிச்சு. அதுவும் அந்தக் காவல்காரனை என் பொண்டாட்டி தின்னதால தப்பிச்சது. இப்படி ஒரு எண் உன் வீட்டுச் சுவத்துல தொங்குதா?"

சிரிப்பு கிளம்பியது. எல்லோரும் வசிலினாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்தெஃபானியா அவள் பக்கம் குனிந்து, "நிஜமாவா அத்தை?" என்றாள்.

"பரீட்சையில தேறினேனே," என்றாள் வசிலினா.

ஸ்தெஃபானியா அட்டையை மறுபடி அழகாக எழுதித் தருவதாகச் சொன்னாள். ஒனுஃப்ரி ஒத்துக்கொள்ளவில்லை. பென்சில் எழுத்துதான் இருக்க வேண்டும், அது அவர் கை.

திரும்பும்போது ஸ்டேஷன் போகும் வண்டியில் ஏறினார்கள். இப்போதெல்லாம் கண்டக்டர் கிடையாது. சீட்டை நாமே சுவரில் இருக்கும் இயந்திரத்தில் துளைத்துக்கொள்ள வேண்டும். வசிலினா இரண்டு சீட்டையும் துளைத்து ஒன்றை அவரிடம் கொடுத்தாள். அவர் எண்ணைப் பார்த்தார். நோட்டை முழங்காலில் விரித்து, 751-க்கும் 761-க்கும் நடுவில் இடமில்லாததால் ஓரத்தில் 757 என்று எழுதி, உள்ளே நுழைய ஓர் அம்புக்குறி போட்டார். பிறகு வகுக்க ஆரம்பித்தார்.

சரிவில் வண்டி மெதுவாக இறங்கியது. வசிலினா வழக்கம்போல் டிரைவரின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம நிறுத்தம் வந்துடுச்சு."

"இரு. பதிமூணுல இருக்கேன்."

கதவு மூடியது. இரண்டு பேரும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தார்கள்.